அப்பாவின் ஐந்து விநாடி

நேற்று எங்கள் பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பெட்டியைத் திறந்ததும் சாம்பல் நிற ஸ்பாஞ்சின் வாசனை. பொருளை எடுக்காமல் ஸ்பாஞ்சை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பல்கலைக்கழகக் குரல் ஆய்வுக்கூடத்தில், ஒலிப்பதிவு அறையின் ஸ்பாஞ்ச் ஒட்டிய சுவர் முழுக்க இந்த வாசனைதான்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். ஆய்வு உதவியாளர் அட்டையைப் பஸ்ஸிலும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போவேன். யாராவது கேட்கமாட்டார்களா என்றிருக்கும். யாரும் கேட்டதில்லை.

நோயில்லாத தமிழ்க் குரல்கள் வேண்டும் என்று பேராசிரியர் சொன்னபோது, எங்கள் ஊர் பெக்கோக்கிலிருந்து அப்பாவை வரவழைத்தேன். செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. முதலில் ஒரு பத்தியை வாசிக்க வேண்டும், பிறகு 'ஆ' என்று இழுக்க வேண்டும். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. 'கண்ணாடி கொண்டுவரவில்லை' என்று படிவத்தில் நானே எழுதினேன்.

'ஆ' ஐந்து விநாடி இழுத்தார். நான் போதும் என்று கைகாட்டுவதற்குள் அப்பா மைக்கிடம் பேச ஆரம்பித்துவிட்டார். "இது எம் மக வேல செய்ற எடம். அவங்கம்மா இருந்து பாத்திருக்கணும். மக சொன்னா நான் சாயங்காலம் வரைக்கும் கத்துவேன்லா." அப்புறம் டிராக்டர், மழை, நான் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக அழுதது என்று போய்க்கொண்டே இருந்தது. அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

பேச்சில் பெயர்கள் வந்துவிடும் என்பதால், 'ஆ'வையும் வாசிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். மற்றவர்களுடையதை வெள்ளிக்கிழமைகளில் மொத்தமாக வெட்டுவேன். அப்பாவுடையதை அவர் பஸ் ஏறுவதற்கு முன்பே வெட்டிவிட்டேன்.

அப்புறம் அப்பாவின் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குள் எங்கள் ஆய்வுக்கூடம் ஒரு பெரிய காரியம் செய்திருந்தது. பழைய பேச்சுப் பதிவு சில நிமிடம் இருந்தால், குரல் போனவரை அவர் குரலிலேயே கணினி பேசவைக்கும். எழுதத் தெரியாவிட்டாலும் படத்தைத் தொட்டால் போதும். ஒரு சீன ஆசிரியை தன் பேரனை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது நாங்கள் எல்லோரும் அழுதோம்.

"ஒங்கப்பா அன்னிக்கு நெறைய பேசினாரே, நீ ஒரு காப்பி எடுத்து வச்சிருப்பேல்ல, அது போதும்மா" என்றார் பேராசிரியர்.

வேறு பதிவு ஏதாவது இருக்குமா என்று வீடு முழுக்கத் தேடினேன். அப்பா குரல்செய்தி அனுப்புகிறவர் இல்லை; நேரே அழைத்துவிடுவார். கல்யாண வீடியோ ஒன்றில் அவர் வாய் அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது.

மிஞ்சிய 'ஆ'வை ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்பாவும் வாயைத் திறந்து கூடவே இழுத்தார். கழுத்துத் துளையில் காற்று மட்டும் வந்தது. ஐந்தாவது விநாடியில் 'ஆ' நின்றது. அவர் மைக்கைப் பிடிப்பதுபோல் கையை வைத்து, என்னைச் சுட்டிக் காட்டி, மிச்சத்தையும் போடு என்று சைகை செய்தார்.

"அவ்ளோதாம்பா இருக்கு."

அவர் நம்பவில்லை. மகள் எதையும் தொலைக்கமாட்டாள் என்று, கணினிப் பக்கம் காதைத் திருப்பிக் காத்திருந்தார்.