இரண்டு டவருக்கு நடுவில் தங்கை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘பதற்றம்’. டீ வரக் கொஞ்சம் தாமதமானாலே வாசலுக்கும் இருக்கைக்குமாக நடக்கத் தொடங்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளிடம்தான் கம்பெனி ஊரின் மொபைல் டவர்களை நம்பி ஒப்படைத்திருந்தது. ஒரு டவரில் கூட்டம் நெரிந்தால், ஓரத்தில் இருக்கிற போன்களைப் பக்கத்து டவருக்குத் தள்ளிவிட வேண்டும். பேசுகிறவருக்கு அது தெரியவே கூடாது, தெரிந்தால் திட்டுதான்.

அன்று மைதானத்தில் பெரிய போட்டி. அங்கிருந்த டவர் பிதுங்கியதால் சுமையைப் பக்கத்தில் இருந்த பாலத்து டவருக்குத் தள்ளினாள். சிறிது நேரத்தில் நிறைமாதத் தங்கை கூப்பிட்டாள்.

“அக்கா, வலி வந்துடுச்சு. டாக்சியில ஏறிட்டேன். பாலத்துக்கிட்ட ஜாம். பழைய ஆஸ்பத்திரிக்குத்தானே...”

பேச்சு அறுந்தது. தங்கையைப் பார்க்கிற டாக்டர் அன்று புதிய ஆஸ்பத்திரியில் இருந்தார். தங்கையைக் கலவரப்படுத்த வேண்டாமென்று, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என விட்டிருந்தாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்; மணி அடிக்கும், எடுப்பாள், அறுந்துவிடும். அனுப்பிய செய்தியும் போய்ச் சேரவில்லை.

எதிரே கணினித் திரையோ பச்சைப்பசேல் என்றிருந்தது. டவர் மாறியது அத்தனையும் வெற்றி என்றது.

“இவ்வளவு போன் ஏன் சார் மாறுது?” என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டாள்.

“பாலத்துல ஜாம்னு காலையில அந்த லோடை மைதானத்துக்குத் தள்ளினேனே. ஏம்மா?”

இவள் அங்கே தள்ள, அவர் இங்கே தள்ள, நடுவில் மாட்டிய போன்கள் ஓயாமல் தாவிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தாவலையும் கணினி வெற்றிக் கணக்கில் சேர்த்தது. “ஐயோ, நானே தள்ளிவிட்டுட்டேனே!” என்று அழுதபடியே தன் மாற்றத்தை நீக்கினாள். அது டவருக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமெடுக்கும். அதற்குள் யாரோ தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட, தங்கைக்காக லைன் வேண்டுமென்று வெட்டினாள். மறுபடியும் வந்தது, மறுபடியும் வெட்டினாள்.

கடைசியில் தங்கையே தன் போனிலிருந்து லைனில் வந்தாள்.

“டிரைவர் போன்ல எத்தனை தடவைக்கா கூப்பிடுறது? அவர் வேற கம்பெனி சிம். நீ கட் பண்ணிட்டே இருக்கே. பழைய ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். டாக்டர் இங்க இல்லையாம்!”

“புது ஆஸ்பத்திரில இருக்கார்டி. திரும்பு.”

“மறுபடியும் அந்தப் பாலத்தைத் தாண்டணுமா?”

“வா. போனை வைக்காதே, பேசிட்டே வா.”

பாலத்தின் நடுவே எங்கேயோ டவர் மாறியிருக்கும். தங்கையின் முனகல் எங்கும் அறுபடவில்லை. “அக்கா, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன்” என்று கேட்ட பிறகுதான் அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.