அமைதி கேட்டுப் போன கூட்டம்

என் அக்காவுக்குச் சத்தம் ஆகாது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட அடிக்கும் தப்பு மேளம் ஆகாது, எங்கள் லயத்து வரிசை அறைகளில் பக்கத்துக் காம்பிராக்காரர் போடும் ரேடியோ ஆகாது, நான் வாயைத் திறந்தால் அறவே ஆகாது. இன்றைக்கு டாக்டர்கள் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்லிப் பொறுமையாக விளக்குகிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்குப் பெயர் திமிர்.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. கணக்கில் அவளை மிஞ்சக் கொட்டகலைப் பக்கத்தில் ஆளில்லை. ஆனால் எங்கள் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரு மூலையில் சின்ன வகுப்புக்காரர்களான நாங்கள் வாய்ப்பாடு கத்துவோம், அடுத்த மூலையில் தேவாரம் போகும், மேலே தகரத்தில் மழை கொட்டும். அக்கா எழுந்து வெளியே போய்விடுவாள். ஒருநாள் ரயில் பாதையோரமாகவே நடந்து போய்விட்டாள். மறுநாள் அதிபர் அப்பாவைக் கூப்பிட்டு, அரசாங்கத்தின் சாதாரண தரப் பரீட்சைக்கு இவள் பெயரை அனுப்ப முடியாது, கொழுந்து பறிக்க அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தோட்டத்தை நடத்தும் துரையிடம் எதைக் கேட்டாலும் தனியாகப் போனால் கிடைக்காது. தொழிற்சங்கத் தலைவரை முன்னால் விட்டு, கூட்டமாகப் போய் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். அப்படியே அக்காவையும் கூட்டிக்கொண்டு, பாதி லயத்தைத் திரட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு முழங்கினார்.

"எங்க பிள்ளைக்கு ஒரு அமைதியான எடம் வேணும்!"

"வேணும்! வேணும்!" என்றது கூட்டம். அமைதி கேட்டு அன்று எழுந்த சத்தம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அக்கா ஓடிப்போய், மண்டபக் கோடியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பிஸ்கட் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அதிபர் தட்டினார். அப்பா தட்டினார். தலைவர் கதவையே பெயர்க்கப் பார்த்தார். உள்ளே அவள் சுவரில் தலையை முட்டுவது கேட்டது. எனக்குப் பயமாகப் போய்விட்டது. அந்த நேரம் மலையிலிருந்து கூடையோடு ஓடி வந்த அம்மா, கதவுக்குக் குறுக்கே நின்றார். ஆண்கள் பேசும் இடத்தில் அம்மா பேசி நான் பார்த்ததே இல்லை.

"தலைவரே, கும்பிட்டுக் கேக்குறேன், எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அதிபர் சேர், பிள்ளைங்கள வெளிய விடுங்க. ஒருத்தரும் பேசாதீங்க."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. கொஞ்ச நேரத்தில் முட்டுவதும் நின்றது. கணக்கு டீச்சர் என்ன நினைத்தாரோ, ஒரு வினாத்தாளைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டார். நான் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் வாசலுக்கும் கதவுக்கும் நடந்தேன். வெகுநேரம் கழித்துத் தாள் திரும்பி வந்தது, பின்பக்கம் முழுக்க விடையோடு. டீச்சர் ஒவ்வொன்றாகச் சரி போட்டு அதை அதிபரிடம் நீட்டினார்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, இந்த ரூம்லயே இருந்து படிக்கட்டும். பரீட்சைக்கும் தனி ரூம் கேட்டு நான் மேலிடத்துக்கு எழுதுறேன்" என்றார், அவரும் மெதுவாகவே. உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

வீடு திரும்பும்போது, கூட்டம் போனதால்தான் காரியம் நடந்தது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வழியில் மழை பிடித்தது. அக்காவின் கைகள் காதுக்குப் போயின. வழக்கமாக அம்மா அந்தக் கைகளை வெடுக்கென்று இழுத்துவிடுவார்; நாலு பேர் சிரிப்பார்கள் என்று அடித்ததும் உண்டு. அன்று இழுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் நடந்தபடி, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதார்.

கேட்டதெல்லாம் கிடைத்த நாளில் ஒருத்தர் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை. அந்த அறையில் அக்கா தனியாக இருக்கப் போகிறாளே என்றுதான் அழுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "அழாதீங்கம்மா, நானும் போய் அவகூட உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்" என்று ஆறுதல் சொன்னேன்.