பன்னிரண்டு நிமிடப் பயணம்

இதில் நான் ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது எனக்கு.

எங்கள் புடாரிடாரித் தீவிலிருந்து மாக்கின் தீவுக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும். விமானத்தில் பன்னிரண்டு நிமிடம். நர்ஸ் வேலையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்று காலை மாக்கினில் என் நாத்தனார் தெரெத்தியாவுக்குப் பிரசவ வலி. ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று ரேடியோவில் தகவல் வந்தது. நானும் என் கணவர் பிரிபோவும் விமானத் திடலுக்கு ஓடினோம்.

எங்கள் ஊரில் ஆளையும் மூட்டையையும் எடைபோட்டுத்தான் ஏற்றுவார்கள். தலைநகரிலிருந்து வந்த விமானத்தில் ஏற்கெனவே ஆறு பேர். எடை பார்த்த மரேக்கோ உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, பத்து கிலோ கூடுது. ஆக்சிஜன் சிலிண்டரா, அண்ணனா? ஒண்ணுதான் ஏறும்."

"சிலிண்டர்," என்றேன்.

பிரிபோ சிரித்தார். "பாத்தியாடா, இருபது வருஷம் சுமந்தவ இன்னிக்கு இறக்கி வச்சுட்டா."

ஏழரை மணிக்குப் பக்கத்து வீட்டுத் தொவாகாயின் மோட்டார் படகில் கிளம்பிப் போனார். எங்கள் விமானம் மழை விடக் காத்திருந்து 9:10க்குத்தான் மேலேறியது.

9:15. ஜன்னலில் பவளத்திட்டு மறைந்தது. கீழே வெறும் தண்ணீர்.

9:24. இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும். இன்னும் தண்ணீர்தான். இறக்கையின் நுனியில் அதே மேகம். அங்கே தெரெத்தியாவுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும்... இன்னும் எவ்வளவு நேரம் என்று விமானியைக் கேட்டேன். அவர் கழுத்து அசையவில்லை. மற்ற ஆறு பேரும் கண் மூடியிருந்தார்கள். பக்கத்திலிருந்தவர் தோளை உலுக்கினேன். மரக்கட்டை மாதிரி இருந்தது.

அப்போதுதான் கேட்டது. என் காலுக்கடியில்.

டொக். டொக். டொக்.

பெல்ட்டை இழுத்தேன். கழலவில்லை.

9:37. பாதம் இரண்டும் ஜில்லிட்டன. தரை காய்ந்துதான் இருந்தது.

டொக்... டொக்...

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

9:48.

டொக்.......

9:52. நின்றது.

சட்டென்று எஞ்சின் இரைந்தது. தூரத்தில் தென்னைகள் தெரிந்தன. நாங்கள் தரை தொட்டபோது என் கடிகாரத்தில் 9:59. மாக்கின் விமான நிலையச் சுவர்க் கடிகாரத்தில் 9:22.

"கரெக்டா பன்னெண்டு நிமிஷம்," என்றார் விமானி. "நர்சம்மா நல்லாத் தூங்கிட்டீங்க."

யோசிக்க நேரமில்லை. சிலிண்டரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அது இல்லாவிட்டால் தெரெத்தியா இன்று இல்லை.

சாயங்காலம் மீன்பிடித் தோணி ஒன்று தொவாகாயை மட்டும் கொண்டுவந்தது. 9:15க்கு அலை படகைக் கவிழ்த்துவிட்டதாம். அவன் கவிழ்ந்த படகின் முதுகில் ஏறிக்கொண்டான். பிரிபோ அடியில் மாட்டிக்கொண்டார். மூச்சுவிட அங்கே கொஞ்சம் காற்று இருந்திருக்கிறது. தொவாகாய் மூன்று தடவை முங்கிப் பார்த்தும் இழுக்க முடியவில்லை.

"உள்ளருந்து தட்டிக்கிட்டே இருந்தாரு அக்கா," என்றான். "என் கையில கடிகாரம் இருந்துச்சு. ஒம்பது அம்பத்திரண்டுக்குத் தட்டுற சத்தம் நின்னுச்சு."

தெரெத்தியாவின் பிள்ளை பிறந்த நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதியது நான்தான். 9:46. அது முதல் தடவை அழுதபோது, அவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.