என் தம்பி சொன்ன முதல் சொல்

தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையும் தேன் மணமும் கலந்து மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் என்று தொடங்கி இந்தக் கதையை எழுத, எத்தனையோ வருடங்களாகப் பேனையை எடுத்து, ஒவ்வொரு முறையும் மூடி வைத்தவள் நான். படிப்புக் குறைவு என்பது ஒரு காரணம். உள்ளதை உள்ளபடி எழுதினால் அம்மா ஊருக்குச் சொன்னது பொய்யாகிப் போகுமே என்பது அதைவிடப் பெரிய காரணம். இன்று பிள்ளையாரை நினைத்துத் தொடங்கிவிட்டேன்.

நாங்கள் சாம்பல்தீவு. என் தம்பிக்கு நாலு வயது நிறைந்தும் ஒரு சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவான், சிரிப்பான், அவ்வளவுதான். பட்டணத்து ஆஸ்பத்திரியில், காதில் பழுதில்லை, பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். தெருப்பிள்ளைகள் "ஊமையன்" என்று கூப்பிடும்போது அம்மா கேட்காதவர்போல் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பார். விளக்குமாறு மட்டும் நிலத்தைப் பிறாண்டும். கடைசியில் ஊர்ப் பிள்ளையாருக்குத் தேன் அபிஷேகம் செய்வதாக நேர்ந்துகொண்டார். கடைப் போத்தலில் சீனிப்பாகு கலந்திருக்கும், "சாமிக்குக் கலப்படம் வார்க்க ஏலாது" என்று ஒரே பிடியாக நின்று, தோப்பூர்ப் பக்கம் தேன்பூச்சி வளர்க்கிற ஒரு முஸ்லிம் பெரியவரைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மூதூர் லாஞ்சிப் படகில் ஏறினார்.

அவரை அங்கே எல்லோரும் "தேன் நானா" என்றார்கள்; நானா என்றால் அவர்களுக்கு அண்ணன். தென்னைகளுக்கு இடையில் மரப்பெட்டிகள் நின்றன; எறும்பு ஏறாதபடி பெட்டிக் கால்களின் கீழ் தண்ணீர் நிறைந்த சிரட்டைகள். அம்மா வந்த காரியத்தைச் சொன்னதும் நானா எழும்பினார்.

"சாமிக்கா தங்கச்சி? அப்ப முத்தின தேன்தான் தரோணும். கொஞ்சம் இரிங்க, இப்பவே வதை வெட்டித் தாறன்."

எங்கள் வீட்டில் தேன்கூடு என்போமே தவிர அந்தச் சொல் கிடையாது. நான் அறிந்த "வதை" எல்லாம், எறும்பை மிதித்தால் அப்பா சொல்கிற "உயிர்வதை பாவம்" என்பதுதான். அவர் கத்தியும் கையுமாகப் பெட்டிப் பக்கம் நடக்கவே, "பூச்சியை வதைக்காதீங்கோ! எங்களுக்குத் தேன் வேண்டாம்!" என்று கத்திக் குழறிக்கொண்டு ஓடி அவருடைய சாரத்தைப் பிடித்துத் தொங்கிவிட்டேன்.

வாசலில் நின்ற நானாவின் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கத்தியோட வேட்டைக்குப் போற மாதிரிப் போனா, மறுகா புள்ள பயப்படாம என்ன செய்யும்?" என்று அவரையே ஏசினார்.

நானா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பொச்சுமட்டைப் புகை காட்டிப் பூச்சிகளை ஒதுக்கி, பெட்டிக்குள்ளிருந்து ஒரு சட்டத்தைத் தூக்கி எங்கள் முகத்துக்கு நேரே பிடித்தார். "இந்தா, இதுதான் புள்ள வதை. கூட்டுக்குத்தான் நாங்க வதை எண்டு சொல்ற. கீழ இரிக்கிறது குஞ்சு, அதத் தொடமாட்டன். மேல இரிக்கிற தேன்லயும் அதுகள்ற மழைகாலத்துச் சாப்பாட்ட உட்டுட்டுத்தான் எடுப்பன்." தம்பி என் கையைப் பிடித்தபடி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் குனிந்து, "வதை, மகன், வதை" என்று காட்டினார்.

சில அறைகள் திறந்தும் சில மூடியும் இருப்பதேன் என்று அம்மா கேட்டார்.

"திறந்து கிடக்கிறது தண்ணித் தேன், இன்னும் பழுக்கல்ல. பழுத்தாத்தான் பூச்சி மெழுகால வாய மூடும். வாய் மூடிக் கிடக்கிறதுக்குள்ளதான் தங்கச்சி நல்ல தேன் இரிக்கி."

அவர் தேனைப் பற்றித்தான் சொன்னார். அம்மா தம்பியைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

வெட்டிய வதையை ஒரு தட்டில் வைத்து, தட்டை வாசல் கதிரையில் வைத்துவிட்டு, போத்தல் எடுக்க நானா குசினிக்குள் போனார். வெயிலில் நின்று களைத்த அம்மா, திரும்பிப் பாராமலே அந்தக் கதிரையில் உட்காரப் போனார்.

"வதை!"

அம்மா பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார். நான்தான் கத்தினேன் என்று என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கதிரைப் பக்கம் விரலை நீட்டி மறுபடியும், "வதை! வதை!" என்றான்.

"என்ர பிள்ளை கதைச்சிட்டான்! பிள்ளையாரப்பா!" என்று அம்மா அவனை அள்ளிக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாக நின்றவரின் முகம் கொஞ்ச நேரத்தில் மாறியது. "ஐயோ ராத்தா, முதல் சொல்லே வதையெண்டு வந்திட்டுதே," என்று நானாவின் மனைவியின் கையைப் பிடித்தார்.

"இது என்ன கதை! அம்மா எண்டு கூப்பிட்டிருந்தா நீங்க தேனுக்கு மேலதான் குந்தியிருப்பீங்க. உங்கட சேலையக் காப்பாத்தின சொல்லு அது!" என்றார் நானாவின் மனைவி.

"உள்ளுக்குத் தேன் இரிக்கிற சொல்லு, தங்கச்சி. குறையா நினைக்காதீங்க," என்றார் நானா.

அபிஷேகம் குறைவில்லாமல் நடந்தது. ஆனால் கோயிலில் பெண்கள் சூழ்ந்து கேட்டபோது, மங்கலமில்லாத சொல் என்ற கூச்சத்தில் அம்மா, "அம்மா எண்டு கூப்பிட்டவன்" என்றுவிட்டார். அடுத்த திருவிழாவுக்குள் அது "ஓம்" ஆனது. பிறகு, அபிஷேகத் தேனை நக்கியவுடன் மளமளவென்று பேசினான் என்றானது. அம்மா திருத்தவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

இப்போது மூதூருக்குப் பாலங்கள் வழியாகப் பஸ் போகிறது. அந்த லாஞ்சிப் பயணம் எங்களுக்கு இல்லாமல் போய்விட்டது. நானா வயது முதிர்ந்து மௌத்தாகிவிட்டார், பெட்டிகளை அவருடைய மகள் பார்க்கிறார், முன்னையைவிட அதிகமாம். தம்பி பஸ் கொண்டக்டர். அவன் ஊர்ப்பெயர்களைக் கூவுகிற கூவலில் பிரயாணிகள் காதைப் பொத்துகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து மறைந்துபோனது அவனுடைய மௌனம். அதைத் தேடுவார் யாருமில்லை.

போன வெள்ளிக்கிழமை ஒரு தாய், பேசாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். "எந்தத் தேன் அக்கா தம்பியின்ர நாக்கில தடவினனீங்கள்? நானும் நெடுகத் தடவுறன், ஒரு சொல்லும் வருகுதில்லை. சாமிக்கு என்னில என்ன கோபமோ தெரியேல்ல," என்று கண் கலங்கினாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா அவளைக் கதிரையில் இருத்தினார். "சாமிக்கு ஒரு கோபமும் இல்லைப் பிள்ளை. அண்டைக்கு ஒரு சொட்டுத் தேனும் அவன்ர நாக்கில படேல்ல. 'வதை' எண்டுதான் முதல் சொன்னவன். நான்தான் வெக்கத்தில மாத்திச் சொன்னனான். நீ பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் காட்டு, பிள்ளையாரைக் கும்பிடு, அவனோட கதைச்சுக்கொண்டே இரு."

ஆகவே இதை வாசிக்கிற நீங்கள், பேசாத பிள்ளையை வைத்திருக்கும் எந்தத் தாய்க்காவது சொல்வதானால், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். கேட்க நன்றாக இருக்கும் என்று "வதை"யை மட்டும் "அம்மா" ஆக்கிவிடாதீர்கள்.