ஊசி இல்லை என்றார்கள்

என் கணவருக்குக் குடலிறக்கம். வலது தொடை இடுக்கில் ஒரு சின்னப் புடைப்பு. இருமினால் எட்டிப் பார்க்கும், படுத்தால் உள்ளே போய்விடும். மாமல்லபுரத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர், ஊர்ப்பட்ட சூட்கேஸ்களைத் தூக்குகிறவர். அவசரமில்லை, ஆனாலும் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். இவர் அதைத் தள்ளிக்கொண்டே வந்தார். கத்திக்குப் பயந்து இல்லை, ஊசிக்கு. வெட்டும்போது மயக்கத்தில் இருப்போம், குத்தும்போது முழித்துக்கொண்டல்லவா இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

ஒருவழியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நர்ஸ் கையைக் கேட்டதுமே இவருக்கு வேர்த்துவிட்டது.

"ஊசி இல்ல சார். இந்த கிளிப்ப விரல்ல மாட்டுனா போதும். வெளிச்சத்த வச்சே ரத்தம் எவ்ளோ இருக்குன்னு காட்டிடும்."

இவர் முகத்தில் வெயில் அடித்தது. "பாத்தியா, சயின்ஸு எங்க போய்க்கீது!" என்று என்னிடம் திரும்பினார், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல.

சின்னத் திரையில் எட்டைத் தாண்டி எண் ஏறவில்லை. நர்ஸ் அவர் கையைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் மாட்டினாள். அதேதான். "கொறஞ்சது பதிமூணு இருக்கணும் சார். ரத்தசோகை இருக்கும்போல."

"எனக்கா? மிஷினு ரிப்பேரு. இவளுக்கு வச்சிப் பாரும்மா."

எனக்குப் பன்னிரண்டரை.

"அப்ப சரிதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து என் ரத்தத்தத்தான குடிச்சினு கீறா" என்றார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. இவ்வளவு குறைவாக இருந்தால் இப்போது ஆபரேஷன் வேண்டாம், முதலில் ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும் என்றார். "மலத்தோட ரத்தம் போகுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்." பதில் டாக்டருக்கு, பார்வை மின்விசிறிக்கு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "டாக்டர், வண்டி சீட்டுல நடுவுல ஓட்ட வச்ச தலகாணி ஒண்ணு போட்டுகினு ஓட்றாரு. கேட்டா முதுகு வலின்றாரு."

இவர் என்னை முறைத்த முறைப்புக்கு அந்த அறையே எரிந்திருக்கவேண்டும். பிறகு குரல் இறங்கியது. "எப்பனாச்சும் கொஞ்சமா போவும் டாக்டர். ஒரு வருசமா கீது."

ஒரு வருடம்! மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதைத் தொப்பை என்று சொல்லி நான் கேலி செய்துகொண்டிருந்தேன். வேறு ஏதாவது இருக்குமோ? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை.

"கிளிப் சும்மா ஒரு முதல் பார்வைக்குத்தான்" என்றார் டாக்டர். "குறைவா காட்டுனதால, ரத்தம் எடுத்து லேப்ல உறுதி பண்ணணும்."

"ஊசியா?" என்றார் இவர், ஏமாற்றப்பட்ட குழந்தையின் குரலில்.

ஊசி குத்தும்போது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். லேபிலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வந்தது. அடுத்து பின்பக்கமாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். அந்தக் குழாயோடு பார்த்தால் ஊசியெல்லாம் ஒன்றுமேயில்லை என்று வீட்டுக்கு வந்து ஒப்புக்கொண்டார். வெறும் மூலம்தான், பயப்பட வேறெதுவும் இல்லை என்று தெரிந்த அன்று, திரும்பும் வழியில் இருவரும் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம்.

மூலத்துக்கு வைத்தியம் நடந்தது. இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அதுவும் ஊசிதான், ஆனால் இந்த முறை புலம்பலில்லை. சில வாரத்தில் கிளிப்பிலும் லேபிலும் எண் ஏறியிருந்தது. குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சூட்கேஸ்களைப் பயணிகளே தூக்கி வைக்கிறார்கள், இவர் அருகில் நின்று யோசனை சொல்கிறார்.

மாமல்லபுரம் வேன் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களைப் பிடித்துவைத்து, "போய் ரத்தத்த செக் பண்ணுங்கடா. விரல நீட்டுனா முடிஞ்சுது" என்று உபதேசம் வேறு. போன வாரம் ஒருவர் என் முன்னாலேயே கேட்டார்: "உனுக்கு ஏண்ணா ரத்தம் கொறஞ்சுது?"

"வேல ஜாஸ்திடா" என்றார், வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

நான் சிரிப்பை மறைக்கக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.