ஜன்னல் வரை நடந்தார்

எங்கள் அப்பாவுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒருவர் விடாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்தக் கல்லைக் கட்டிலிலிருந்து தூக்குவதும், கழிப்பறைக்குக் கொண்டுபோவதும், கழுவிவிடுவதும் அக்கா. அவளுக்கே அறுபத்தொன்பது. இடுப்பில் பெல்ட் இல்லாமல் குனிய முடியாது.

நாற்பது வருடம் பஸ் பணிமனையில் வண்டிகளைச் சோதிக்கிற வேலை அவருக்கு. ஓடாது என்று அவர் எழுதினால் வண்டி நேராகக் காயலான் கடைக்குப் போகும். கறார் மனுஷர். ஒரு வண்டிக்கும் இரக்கம் காட்டியதில்லை.

போன வாரம் முதியோர் உதவி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். அப்பாவால் தனியாக முடியாது என்று அவள் எழுதினால், அவரைப் பார்த்துக்கொள்ள தினமும் ஓர் ஆளை அனுப்புவார்கள். இதற்காக அக்கா எட்டு மாதம் நடையாய் நடந்திருந்தாள். துணைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தாள்.

படிவத்தைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. அந்த மாதிரிக் காகிதம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா?

"யாரு குளிப்பாட்டி விடறாங்க தாத்தா?"

"நானேதான் குளிக்கிறேன்."

"படி ஏறுவீங்களா?"

"ஓடியே ஏறுவேன்."

"அப்பா, உண்மையச் சொல்லுங்கப்பா" என்றாள் அக்கா.

"இவளுக்குத்தான் வயசாயிடுச்சு. இவள எழுதிக்கோம்மா."

"எங்க, எழுந்து நடங்க பார்ப்போம்" என்றாள் அந்தப் பெண்.

சோதனை நாளன்று மட்டும் எந்த ஓட்டை வண்டியும் எப்படியாவது கிளம்பிவிடும். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். ஜன்னல் வரை ஆறு அடி நடந்தார். உதவி தேவையில்லை என்று அந்தப் பெண் எழுதினாள். "இந்த வயசுல இப்படியா! நீங்க கொடுத்து வச்சவங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்தியதும் அப்பாவின் கால்கள் உதற ஆரம்பித்தன. சிறுநீர் தரையில் ஓடியது.

"அம்மாடி, வந்து பிடிச்சுக்கோ."

அக்கா பெல்ட்டைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்கதான் நடப்பீங்களே. நடந்து வாங்க."

"விழுந்துடுவேன்டி."

"விழுங்க."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அப்பாமேல்தான் வந்தது. அவர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"டேய், நீயாவது வாடா."

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.