பதினோரு வருடம் தனித் தட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது, மறதியும் ஜாஸ்தி. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்பு, பக்ரீத் முடிந்த வாரம், ஆம்பூரில் நடந்தது இது. அப்போது ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தேன். தைத்து வரும் ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். என் எதிரில் உட்காருகிறவள் பேரணாம்பட்டிலிருந்து வரும் முஸ்லிம் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அங்கே எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. என் வீட்டுக்காரர் இறந்தபோதுதான் தெரிந்தது. மாதம் ஒருநாள் லீவு போட்டு வேலூருக்குப் போய் மாத்திரை வாங்கி வருவேன். ஆம்பூரிலேயே கொடுக்கிறார்கள். தெரிந்த முகம் எதிரே வந்துவிடுமோ என்ற பயத்தில் அங்கே போகவே இல்லை. கம்பெனியில் முட்டி வலி என்று சொல்லி வைத்திருந்தேன்.

மத்தியானம் எல்லாப் பெண்களும் டப்பாக்களை நடுவில் வைத்து, ஒருவர் சோற்றில் ஒருவர் கை போட்டுச் சாப்பிடுவார்கள். நான் மட்டும் குழாய்ப் பக்கம் போய்விடுவேன். என் தட்டு, என் டம்ளர். என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டிவிடக் கூடாது என்று பதினோரு வருடம் அப்படியே இருந்தேன்.

அன்றைக்கு அவள் பெரிய தூக்குவாளியில் பிரியாணி கொண்டுவந்தாள்.

"வாக்கா, உனக்குன்னே தொட்டுக்க கத்திரிக்காய் ஜாஸ்தி எடுத்தாந்தேன்."

"வேணாம்மா, வயிறு சரியில்ல."

"புரியுதுக்கா. எங்க வூட்டு சோறு உனக்கு ஆவாது. சாமி கோச்சுக்கும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். நான் மதம் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நிஜத்தைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் அவள் எனக்கு இல்லை.

அந்த வாரமே வேலூர் போக வேண்டியிருந்தது. அங்கே எங்களிடம் உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள். அவளும் இதே மாத்திரை சாப்பிடுகிறவள்தான். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரை நல்லா வேல செய்யுது, ரத்தத்துல கிருமி தெரியவே இல்லக்கா. அப்புறம் மூஞ்சி ஏன் இப்டி இருக்கு?" என்றாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"கூட சாப்ட்டா ஒட்டாதுக்கா! மொத நாளே சொல்லியிருப்பாங்களே?"

சொல்லித்தான் இருப்பார்கள். அந்த முதல் நாள் எனக்குக் காதே கேட்கவில்லை. அப்புறம் கேட்க வெட்கம்.

அந்த நேரம் உள்ளே வந்த நர்சம்மா, அந்தப் பெண் பாதி சாப்பிட்டு மேஜைமேல் வைத்திருந்த டப்பாவிலிருந்து இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "இன்னாடி, இன்னிக்கும் உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் காட்டுவதற்காக அவர் அதைச் செய்யவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் நம்பினேன்.

மறுநாள் மத்தியானம் கம்பெனியில் தட்டை எடுக்காமல் போய் என் சிநேகிதி பக்கத்தில் உட்கார்ந்தேன். "நகருங்கடி, மகாராணி வந்துட்டாங்க" என்றாள் ஒருத்தி. சிநேகிதி டப்பாவில் தக்காளிச் சோறு. அதில் கை போட்டு ஒரு வாய் அள்ளினேன்.

"சாமி கோச்சுக்காதா?" என்றாள் அவள்.

"கோச்சுக்கிட்டா நீ வந்து பேசிக்கோ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போது அவளிடம் மட்டும் நிஜத்தைச் சொன்னேன். நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். எனக்கு உயிரே போய் வந்தது. பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"அரே, இதுக்கா? நான் இன்னா இன்னாவோ நெனச்சு வூட்ல உக்காந்து அழுதேன்க்கா!"

அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேலூருக்கு வீணாக ஒரு நாளை ஏன் விடுகிறாய் என்று திட்டி, என் மாத்திரையை ஆம்பூருக்கு மாற்ற வைத்தாள். முதல் தடவை அரை நாள் பர்மிஷன் போட்டு அவளே கூட வந்தாள். "யாராச்சும் பாத்தா எனக்குத்தான் முட்டி வலின்னு சொல்லிக்கறேன், நீ பேஜாராவாதே" என்று பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது சில மாதங்களுக்குச் சேர்த்தே மாத்திரை தருகிறார்கள்.

அந்தத் தட்டில் இப்போது மோர் மிளகாய் காய வைக்கிறேன்.

மாத்திரை, ரத்தப் பரிசோதனை பற்றி நினைவிலிருந்துதான் எழுதியிருக்கிறேன். விவரம் தெரிந்த டாக்டரம்மா யாராவது ஒருதரம் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திப் போடுங்கள். என்னைப் போல எங்கேயாவது குழாய்ப் பக்கம் தனியாகச் சாப்பிடுகிறவள் இதைப் படித்தால், அவளுக்குச் சரியான விவரம்தான் போய்ச் சேர வேண்டும். அந்த ஒரு வாய் தக்காளிச் சோறு எனக்குப் பதினோரு வருடம் தாமதமாகக் கிடைத்தது, அவளுக்கு நாளைக்கே கிடைக்கட்டும்.